ஊசி தேய்ஞ்சா தட்டு போச்சு! பழைய ரெக்கார்டு பிளேயர் வைத்திருப்பவர்கள் உஷார்

உத்திரமேரூர்,
குடவோலை கல்வெட்டுக்கு பேர்போன உத்திரமேரூர் சுற்றுவட்டார கிராமங்களில் ஒரு காலத்தில் கல்யாணம், கூழ் வார்த்தல் என்றால் மைக் செட்டில் இசைத்தட்டுதான் பாடும். கேசட் வந்ததும் அந்த பிளேயர்கள் பரணுக்கு போய் விட்டன. அதை தூசு தட்டி எடுப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது ஊசியை.

வைர ஊசி சுமார் 500 முதல் 1,000 மணி நேரம் தாங்கும். நீலக்கல் ஊசி அதைவிட சீக்கிரம் தேயும். தேய்ந்த ஊசி தட்டின் வரிப்பள்ளத்தை சுரண்டி விடும். ஊசியை மாற்றலாம், கெட்ட தட்டை சரி செய்ய முடியாது. பாட்டு கரகரத்தால் உடனே நிறுத்துங்க.

ஊசியை தாங்கும் சிறு பெட்டிதான் கார்ட்ரிட்ஜ். பழைய பிளேயர்களில் பெரும்பாலும் கிரிஸ்டல், செராமிக் ரகம். இவற்றிலும், 'மூவிங் மேக்னட்' ரகத்திலும் பொதுவாக ஊசியை மட்டும் கழற்றி மாற்றலாம். ஆனால் கிரிஸ்டலில் உள்ள ரோஷெல் உப்பு, ஈரக்காற்றில் கெட்டிருந்தால் புது ஊசி போட்டும் பயனில்லை.

ஜப்பானின் டெனான் டி.எல்.103 போன்ற 'மூவிங் காயில்' ரகத்தில் ஊசி தனியாக கழலாது. ஊசித்தண்டின் முனையில் புது வைரம் பொருத்த வேண்டும். இதற்கு பெயர் 'ரீடிப்'. மைக்ரோஸ்கோப் வைத்து செய்யும் வேலை. உள்ளே இருக்கும் மெல்லிய கம்பிச்சுருள் அறுந்தால் ரீடிப் செய்தும் பாடாது. எனவே வீட்டில் நோண்ட வேண்டாம். சுருள் நல்லா இருந்தால், ஊசி போச்சே என்று கார்ட்ரிட்ஜை தூக்கி எறியவும் வேண்டாம்.