திருட்டுக் குரங்கா?

தென்காசியிலிருந்து குற்றாலம் போகிறவர்களுக்கு முதலில் கிடைக்கும் அறிவுரை, "குரங்கு இருக்கும், பையை பத்திரமா வச்சுக்கோங்க" என்பதுதான். அருவிக்கரையில் பழப்பையைப் பறித்துக்கொண்டு ஓடும் குரங்கை "திருட்டுக் குரங்கு" என்று திட்டாதவர்கள் குறைவு. ஆனால் தவறு என்று தெரிந்தே எடுத்தால்தானே திருட்டு? அது குரங்குக்குத் தெரியுமா?

இந்தக் கேள்விக்கு வயது நூறுக்கும் மேல். 18ஆம் நூற்றாண்டில் திரிகூடராசப்பக் கவிராயர் தன் குற்றாலக் குறவஞ்சியில் இந்த மலைக் குரங்குகளைக் காதலர்களாகக் காட்டினார். கவிஞருக்கு அந்த உரிமை உண்டு. அறிவியலுக்கு ஒரு கட்டுப்பாடு வேண்டும் என்று 1894ல் சொன்னவர் பிரிட்டனின் லாயிட் மார்கன். எளிய காரணத்தாலேயே ஒரு செயலை விளக்க முடியுமானால், அதற்கு மேல் பெரிய மனத்திறனை விலங்குக்கு ஏற்றிச் சொல்லாதீர்கள் என்றார்.

1960ல் ஜேன் குடால், தான்சானியாவின் கோம்பே காட்டில் சிம்பன்சிகளுக்குப் பெயர் வைத்து ஆராய்ந்தார். பெயர் வைக்காதே, எண் கொடு என்றது கேம்பிரிட்ஜ். அவர் கட்டுரையில் சிம்பன்சியை 'அவன்', 'அவள்' என்று எழுதியதை ஆசிரியர் குழு 'அது' என்று திருத்த, அவர் மறுபடியும் பழையபடியே மாற்றினாராம். ஜப்பானிய ஆய்வாளர்களோ 1950களிலேயே குரங்குகளுக்குப் பெயர் வைத்துவிட்டிருந்தார்கள்.

இந்தச் சண்டையின் முக்கியமான அத்தியாயம் நடந்தது இந்தியாவில். 1950களின் இறுதியில் இங்கு அனுமன் குரங்குகளை ஆராய்ந்த அமெரிக்கர் ஃபிலிஸ் ஜே, அவை பெரும்பாலும் அமைதியானவை என்று எழுதினார். 1961ல் கியோட்டோ பல்கலைக்கழகத்தின் யுகிமாரு சுகியாமா கர்நாடகத்தின் தார்வாருக்கு வந்தார். அங்கே வெளியிலிருந்து வந்த ஆண் குரங்குகள் ஒரு கூட்டத்தின் தலைவனை விரட்டின. அதன் பிறகு குட்டிகள் கடிபட்டுச் செத்தன.

இது நெரிசலால் வந்த கோளாறு என்றார்கள் பலர். 1971ல் ராஜஸ்தானின் அபு மலைக்கு வந்த சாரா ஹர்டியும் முதலில் அப்படித்தான் நினைத்தார். 1977ல் வெளிவந்த அவரது புத்தகம் வேறு விளக்கம் சொன்னது. பால்குடிக் குட்டி இறந்தால் தாய் சீக்கிரமே மீண்டும் கருத்தரிப்பாள், புதிய ஆணுக்கு வாரிசு கிடைக்கும். ஹர்டி விலங்குகளிடம் மனிதச் சூழ்ச்சியைப் பார்க்கிறார் என்று எதிர்ப்பு எழுந்தது. 1999ல் நேபாளத்தின் ராம்நகர் குரங்குகளின் டி.என்.ஏ. சோதனை முடிவு வந்தது. குட்டிகளைத் தாக்கிய ஆண்கள் அக்குட்டிகளின் தகப்பன்கள் இல்லை. ஹர்டியின் விளக்கத்துக்கு அது பலமான ஆதாரம்.

கவனித்தால், 'அமைதியானவை' என்பதும் மனிதச் சொல்தான், 'கொலை' என்பதும் மனிதச் சொல்தான். எது சரி என்று முடிவு செய்தது சோதனை.

குற்றாலத்தில் நாம் பார்ப்பது தலையில் குல்லாய் போல முடி வளர்ந்த நாட்டுக் குரங்கு. 1970களின் பிற்பகுதியில் ரவூஃப் அலி, முண்டந்துறைக் காட்டில் இவற்றைப் பின்தொடர்ந்து ஆராய்ந்தார். பிறகு கர்நாடகத்தின் பந்திப்பூரில் இதே இனக் குரங்குகள் சில, மனிதரைப் பார்த்துக் கூவி, கையை நீட்டி உணவு கேட்பது தெரியவந்தது. இது வெறும் பழக்கமா, வேண்டுமென்றே கேட்பதா? ஆய்வாளர்கள் காட்டிலேயே சோதனை நடத்தினார்கள். எதிரே நிற்பவரின் கவனத்தைப் பார்த்தே கை நீட்டுகின்றன, அது வேண்டுமென்றே கேட்பதுதான் என்று 2018ல் எழுதினார்கள்.

ஆக, குரங்கு 'கேட்கிறது' என்று சொல்ல இன்று ஆதாரம் உண்டு. 'திருடுகிறது' என்று சொல்ல இல்லை. மனிதச் சொல்லைக் கேள்வியாக வைத்தால் அது ஆராய்ச்சிக்கு உதவும். தீர்ப்பாக வைத்தால் கல்லெறியத்தான் உதவும். அருவிக்கரையில் அந்தப் பழக்கத்தைக் குரங்குக்குக் கற்றுக்கொடுத்தது நாம் நீட்டிய வாழைப்பழம் என்பதை மறந்துவிடக் கூடாது.