கோப்பி இலையும் 19 ஏக்கர் தேயிலையும்: தீர்மானம் எடுப்பது பற்றி நம் மலை சொல்லும் பாடம்



கொஞ்சம் நீளமான பதிவுதான். வேலை முடிந்து ஆறுதலாக வாசியுங்கள்.

பிள்ளை ஓ.எல். எழுதியதும் ஏ.எல். படிக்க வைப்பதா, கொழும்புக் கடைக்கு அனுப்புவதா? கடன் எடுத்து ஆட்டோ வாங்குவதா? மாட்டை விற்றுவிட்டு மரக்கறி போடுவதா? நம் வீடுகளில் அடிக்கடி எழும் கேள்விகள் இவை. அடுத்த லயத்தில் ஒருவர் செய்தார், நாமும் செய்வோம் என்றே பாதித் தீர்மானங்கள் நடந்து விடுகின்றன. எப்படித் தீர்மானம் எடுப்பது என்று படிக்க நாம் தூரம் போக வேண்டியதில்லை. நாம் நிற்கும் இந்த மலையே ஒரு தீர்மானத்தால் உருவானதுதான்.

தேயிலைக்கு முன் இந்த நாடு கோப்பி நாடு. 1869 இல் மடுல்சீமைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் கோப்பி இலையின் அடியில் மஞ்சள் பொட்டுகள் தெரிந்தன. இலைத் துரு நோய். பேராதனைப் பூங்காவின் பொறுப்பாளராக இருந்த துவைட்ஸ், இது பெரிய ஆபத்து என்று எச்சரித்தார். துரைமார் பெரும்பாலானோர் கேட்கவில்லை. காலநிலை மாறினால் போய்விடும், உரம் போட்டால் சரியாகிவிடும் என்றார்கள்.

அவர்களை முட்டாள்கள் என்று சொல்லிவிட முடியாது. அவர்களை ஏமாற்றியது விலை. ஏக்கருக்கு நாலரை அந்தர் அளவில் இருந்த விளைச்சல் பத்து வருடத்துக்குள் சுமார் இரண்டு அந்தருக்கு இறங்கியது. அதே காலத்தில் உலகச் சந்தையில் கோப்பி விலை ஏறியது. கைக்கு வந்த காசு குறையாததால், மரம் சாவது கணக்கில் தெரியவில்லை. நோய் வந்த பிறகுதான் நம் திம்புள்ளப் பகுதியிலும் டிக்கோயா, மஸ்கெலியாவிலும் காடுகளை வெட்டிப் புதிதாகக் கோப்பி நட்டார்கள். அதுவும் கடன் வாங்கி.

1880 இல் மார்ஷல் வார்ட் என்ற இளம் தாவர அறிவியலாளர் வந்து இரண்டு வருடம் ஆராய்ந்தார். மலை மலையாக ஒரே பயிரை நட்டதால் காற்றில் போகும் நோய்த் தூளைத் தடுக்க எதுவுமில்லை என்று விளக்கினார். அதற்குள் காலம் கடந்துவிட்டது. 1884 இல் தோட்டங்களுக்குக் கடன் கொடுத்திருந்த ஓரியண்டல் வங்கியும் விழுந்தது. தோட்டங்கள் கைவிடப்பட்டன. சம்பளப் பாக்கி கிடைக்காமல் நின்றவர்கள் நம் மூதாதையர். தீர்மானம் எடுத்தது ஒருவர், விலை கொடுத்தது இன்னொருவர்.

கோப்பி போனதும் என்ன செய்தார்கள்? மலேரியாக் காய்ச்சல் மருந்தான கொய்னா தரும் சிங்கோனா மரத்துக்கு ஓடினார்கள். அதற்கு அப்போது நல்ல விலை. எல்லோரும் ஒரே நேரத்தில் நட்டார்கள், எல்லோரும் ஒரே நேரத்தில் பட்டை உரித்தார்கள். விலை விழுந்து நொறுங்கியது. ஜாவாவில் இதைவிடத் தரமான பட்டையும் வந்துவிட்டது. இந்த வருடம் லீக்ஸ் விலை ஏறியது என்று அடுத்த போகம் ஊரே லீக்ஸ் போட்டால் என்ன நடக்கும் என்பது நமக்குத் தெரியாததா?

இப்போது மறுபக்கத்தைப் பாருங்கள். 1852 இல் ஸ்கொட்லாந்திலிருந்து வந்த ஜேம்ஸ் டெய்லர், ஹேவாஹெட்டப் பக்கம் லூல்கந்துர தோட்டத்தில் 1867 இல் 19 ஏக்கரில் தேயிலை நட்டார். வருடத்தைக் கவனியுங்கள். நோய் தெரிவதற்கு இரண்டு வருடம் முன்பு. கோப்பி நன்றாக இருந்தபோதே, தோட்டத்தின் ஒரு சிறு பகுதியில் இன்னொன்றைச் சோதித்தார். பங்களா விறாந்தையில் கொழுந்தைக் கையால் உருட்டிப் பழகினார். பிழைத்தால் 19 ஏக்கர் போகும், தோட்டம் போகாது. கோப்பி விழுந்தபோது மற்றவர்கள் பார்த்துப் படிக்க அங்கே ஒரு தேயிலைத் தோட்டம் தயாராக இருந்தது. 1875 இல் நாடு முழுவதும் ஆயிரம் ஏக்கர் அளவில் இருந்த தேயிலை, இருபது வருடத்தில் மூன்று இலட்சம் ஏக்கரைத் தாண்டியது. கோப்பிக்குப் பருவத்துக்கு வந்து திரும்பிய நம்மவர்கள், வருடம் முழுவதும் கொழுந்து பறிக்க வேண்டியதால் குடும்பமாக இங்கேயே தங்கினார்கள்.

நல்ல தீர்மானம் எடுத்தவருக்கே பலன் வரும் என்றும் நினைக்க வேண்டாம். டெய்லர் பெரிய பணக்காரர் ஆகவில்லை. 1892 இல் வேலையை விட்டு விலகச் சொன்ன சமயத்தில், அதே தோட்டத்திலேயே இறந்தார்.

இது பழைய கதை மட்டுமல்ல. 2021 இல் இரசாயன உர இறக்குமதியை அரசாங்கம் ஒரேயடியாகத் தடை செய்தது. இயற்கை உரம் கெட்ட எண்ணம் அல்ல. ஆனால் 19 ஏக்கரில் பார்க்க வேண்டியதை முழு நாட்டிலும் பார்த்தார்கள். நவம்பரில் தடையை நீக்கினார்கள். அந்த வருடம் சுமார் 30 கோடி கிலோவாக இருந்த தேயிலை உற்பத்தி, 2022 இல் சுமார் 25 கோடி கிலோவானது. பொருளாதார நெருக்கடியும் சேர்ந்துகொண்டது. பெயர் விழாத நாட்களில் அடுப்பு எப்படி எரிந்தது என்று நம் வீடுகளுக்குத் தெரியும்.

ஆகவே உறவுகளே, நாம் என்ன செய்யலாம்?

கடை வைத்திருப்பவர்கள் நாள் வியாபாரத்தை ரூபாயில் மட்டும் பார்க்க வேண்டாம். எத்தனை கிலோ அரிசி போனது, எத்தனை பேர் வந்தார்கள் என்றும் எழுதுங்கள். விலை ஏறும் காலத்தில் ரூபாய் பொய் சொல்லும்.

புதிய தொழில் என்றால் கையில் இருப்பதை விடாமல், இழந்தாலும் தாங்கக்கூடிய அளவில் தொடங்குங்கள். கடன் எடுப்பதானால் எந்த நிலை வந்தால் நிறுத்துவோம் என்பதை முதலிலேயே வீட்டில் பேசி எழுதி வையுங்கள்.

பள்ளிவாசலில் மஷூரா செய்கிறோம். கோயிலில் கமிட்டி கூடுகிறது. வீட்டுத் தீர்மானத்துக்கும் அப்படி உட்காருங்கள். விலை கொடுக்கப்போகிறவரை முதலில் பேச விடுங்கள். பிள்ளையைக் கொழும்புக்கு அனுப்புவதென்றால் அந்தப் பிள்ளையும் அங்கே இருக்க வேண்டும். படிப்பை விட்டால் திரும்பி வரும் வழி கடினம். அதனால் அந்தத் தீர்மானத்துக்கு மட்டும் அவசரம் வேண்டாம், பாடசாலைக்கு வந்து ஒரு தடவை பேசுங்கள். நாங்கள் இருக்கிறோம்.

உங்கள் குடும்பத்தில் கோப்பிக் காலத்துக் கதை ஏதும் பெரியவர்கள் சொல்லியிருந்தால் கீழே எழுதுங்கள். பிள்ளைகளுக்கும் வாசித்துக் காட்டுங்கள்.