லாட்டரித் தடையும் சூதாட்ட நோயும்: போடிநாயக்கனூர் எல்லை

போடிநாயக்கனூர், தேனி மாவட்டத்தில் கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தை ஒட்டி அமைந்துள்ள ஏலக்காய் வணிக நகரம். இவ்வட்டாரத் தொழிலாளர்கள் போடிமெட்டு வழியாக ஜீப்புகளில் ஏலத்தோட்டங்களுக்கு வேலைக்குச் செல்கின்றனர். லாட்டரியைப் பொறுத்தவரை, இம்மலைப்பாதையின் இரு முனைகளிலும் சட்டம் வேறு.

கேரள அரசு 1967இல் லாட்டரித் துறையைத் தொடங்கியது. கா. ந. அண்ணாதுரை தலைமையிலான தமிழ்நாடு அரசு 1968இல் லாட்டரியைக் கொண்டுவந்தது. ஏழைக் குடும்பங்கள் கூலியை இழப்பதாக எதிர்ப்பு வலுத்த நிலையில், 2003 சனவரியில் ஜெ. ஜெயலலிதா அரசு அதன் விற்பனையைத் தடை செய்தது. மலைக்கு அப்பால் விற்பனை தொடர்ந்தது. தமிழ்நாட்டிலோ, கேரளக் குலுக்கலின் கடைசி மூன்று எண்களை வைத்து நடத்தப்படும் ‘மூன்று நம்பர் லாட்டரி’ கள்ளத்தனமாகப் பரவியது. 2019 திசம்பரில் விழுப்புரத்தில், இதனால் கடனாளியான நகைத் தொழிலாளி ஒருவரின் குடும்பத்தில் மூன்று குழந்தைகள் உட்பட ஐவர் இறந்தனர்.

அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் கட்டுக்கடங்காத சூதாட்டத்தை 1980இல் மனநலக் கோளாறாக வகைப்படுத்தியது. 2013இல் மது, போதைப்பொருள் அடிமைத்தனத்துடன் ஒரே பிரிவில் சேர்த்தது. விட்ட பணத்தைப் பிடிக்க மீண்டும் பந்தயம் கட்டுவதும், இழப்பை வீட்டாரிடம் மறைப்பதும் இதன் அறிகுறிகள். மனச்சோர்வும் குடிப்பழக்கமும் இதனுடன் அடிக்கடி சேர்ந்து காணப்படும். ஒன்று மற்றொன்றை வளர்க்கும்.

தடைச்சட்டம் விற்பவரைத் தண்டிக்கிறது. வாங்காமல் இருக்க முடியாதவருக்குத் தேவைப்படுவது சிகிச்சை. இந்திய அரசின் ‘டெலி மானஸ்’ மனநல உதவி எண் 14416இல் இதற்கான ஆலோசனையைக் கட்டணமின்றிப் பெறலாம்.