இணைவு உலைச் சுவர்ப் பொருள் சோதனை

அணுக்கரு இணைவு உலையின் உட்சுவர்ப் பொருள்கள் கடும் வெப்பத்தையும் துகள் தாக்குதலையும் தாங்குமா என ஆராய்தல். பிரான்சில் உருவாகும் ஈட்டர் உலையில், வெப்பத்தையும் கழிவுத் துகள்களையும் வெளியேற்றும் டைவர்ட்டர் பகுதி சதுர மீட்டருக்கு 10 மெகாவாட் வெப்பத்தைத் தொடர்ந்து தாங்க வேண்டும். இதற்கு 3,422 பாகை செல்சியஸில் உருகும் டங்ஸ்டன் தேர்வானது.

காந்திநகர் பிளாஸ்மா ஆராய்ச்சி நிறுவனத்தில், நடுவே நீர் ஓடும் செம்புக் கலவைக் குழாய் பொருத்திய டங்ஸ்டன் கட்டிகள்மீது, அத்தகைய வெப்பத்தை உண்டாக்க எலக்ட்ரான் கற்றை திரும்பத் திரும்பப் பாய்ச்சப்படுகிறது. கட்டியில் விரிசல் விழுகிறதா, குழாயுடனான இணைப்பு விடுகிறதா என்று பார்க்கிறார்கள்.

சுவரைத் தாங்கும் எஃகை உருவாக்கும் இந்திய ஆய்வில் தமிழ்நாட்டுக்குப் பெரும்பங்கு உண்டு. கல்பாக்கம் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையம், 9% குரோமியம் கொண்ட எஃகில் மாலிப்டினம், நியோபியத்துக்கு மாற்றாக 1.4% டங்ஸ்டன், 0.06% டான்டலம் சேர்த்துச் சோதித்துத் தேர்ந்தது. இம்மாற்றத்தால், நியூட்ரான் பட்டபின் இவ்வெஃகின் கதிரியக்கம் விரைவில் தணியும்.