பழைய செயின்சா வாங்கப் போறீங்களா? விலையைக் கேட்கும் முன்னே பிஸ்டனைப் பாருங்க

போர்டிக்சன் வட்டாரத்தில் லுக்குட், சிலியாவ், லிங்கி பக்கம் தோட்டங்கள் பலவும் செம்பனைக்கு மாறிவிட்டன. ஆனால் சிறுதோட்டங்களில் பால்மரம் இன்னும் இருக்கிறது. நட்டு 25 முதல் 30 ஆண்டு ஆன மரங்களை வெட்டி மறுநடவு செய்வது வழக்கம். சிறுதோட்டக்காரர்களுக்கு 1973-இல் தொடங்கப்பட்ட ரிஸ்டா இதற்கு உதவுகிறது. மரம் வெட்டும் காண்ட்ராக்ட் எடுக்க நினைக்கும் இளைஞருக்கு முதல் செலவு செயின்சா. புதுசு வாங்கக் கட்டுப்படியாகவில்லை என்றால், பழையதை வாங்கிப் பழுது பார்ப்பது நல்ல வழிதான். எதை வாங்குவது என்று தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஏன் தொழில்முறை ரகம்?

வீட்டு உபயோகச் செயின்சாவில் பெரும்பாலும் என்ஜினைச் சுற்றி இருப்பது பிளாஸ்டிக் உடல். தொழில்முறை ரகத்தில் கிராங்க்கேஸ் மெக்னீசியம். சிலிண்டரைத் தனியாகக் கழற்றி மாற்றலாம். அதனால்தான் பல வருஷம் உழைத்த மிஷினையும் மறுபடி எழுப்ப முடிகிறது.

எந்த மாடல்?

ஸ்டில் 070 நம் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த பெயர். என்ஜின் சுமார் 106 சிசி, எடை பார் இல்லாமலேயே 10 கிலோவுக்கு மேல். பெரிய காட்டு மரத்துக்கு அது சரி. பால்மரத்துக்கும் பழமரத்துக்கும் 70 சிசி அளவே தாராளம்: ஸ்டில் எம்எஸ் 381 (72 சிசி), ஹஸ்க்வர்னா 372 எக்ஸ்பி (71 சிசி) போன்றவை. ஸ்பேர் பார்ட்ஸ் பக்கத்துக் கடையில் கிடைக்கும் மாடலையே எடுங்க. ஸ்டிக்கரை மட்டும் நம்ப வேண்டாம். பெயர்போன மாடல்களுக்குப் போலிகளும் உண்டு.

காசு கொடுக்கும் முன் என்ன பார்க்கணும்?

1. சைலன்சரைக் கழற்றுங்க. உள்ளே பிஸ்டனின் பக்கம் தெரியும். வழவழப்பாக இருந்தால் நல்லது. மேலிருந்து கீழாகக் கோடு கோடாகக் கீறல் இருந்தால், 2டி எண்ணெய் கலக்காமல் ஓட்டியிருக்கலாம், அல்லது எங்கோ காற்றுக் கசிவு இருக்கலாம்.

2. பிளக் துளையில் கம்ப்ரஷன் கேஜ் மாட்டி, திராட்டலை முழுசாக அழுத்தி, முள் நிற்கும்வரை கயிற்றை இழுங்க. 150 பிஎஸ்ஐ ஒட்டி வந்தால் தெம்பான என்ஜின். 120-க்குக் கீழே என்றால் ரிங், பிஸ்டன் செலவு காத்திருக்கிறது.

3. பிளைவீலை மேலும் கீழும் ஆட்டுங்க. ஆட்டம் தெரிந்தால் கிராங்க் பேரிங் போய்விட்டது. அதற்கு என்ஜினையே பிரிக்கணும்.

4. கிராங்க்கேஸில் விரிசல் இருக்கிறதா பாருங்க. இருந்தால் விட்டுவிடுங்க, அது ஸ்பேர் பார்ட்ஸுக்கு மட்டுமே ஆகும்.

உண்மையான விலை எவ்வளவு?

ஒரு உதாரணக் கணக்கு. ஓடாத மிஷின் 400 ரிங்கிட், ஓடும் மிஷின் 700 ரிங்கிட் என்று வைத்துக்கொள்வோம். ஓடாததற்கு சிலிண்டர் செட், சீல், கார்புரேட்டர் கிட், செயின் எல்லாம் சேர்ந்து 350 ஆனால், மலிவானது 750 ஆகிவிடும். அதனால் முதலில் ஸ்பேர் கடையில் விலை கேளுங்க; பிறகு விற்பவரிடம் பேரம் பேசுங்க.

கீறல் விழுந்த பிஸ்டனை மாற்றினால் மட்டும் போதாது. காற்று எங்கே கசிந்தது என்று பார்க்காமல் மூடினால், புது பிஸ்டனும் அதே கதிதான். கிராங்க் சீல், இன்டேக் ரப்பர் இரண்டையும் சோதிக்கச் சொல்லுங்க. கலவை அளவு மாடலுக்கும் எண்ணெய்க்கும் ஏற்ப மாறும். 50-க்கு 1 என்றால் ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லி எண்ணெய்.

சட்டம் என்ன சொல்கிறது?

சீரியல் எண் சுரண்டப்பட்டிருந்தால் விலகிவிடுங்க. திருட்டுப் பொருள் என்று தெரிந்தே வாங்குவது தண்டனைச் சட்டத்தின் 411-ஆவது பிரிவின்படி குற்றம். கையெழுத்திட்ட ரசீது வாங்கி, சீரியல் எண்ணையும் அதில் எழுதுங்க. சுங்கை மென்யாலா போன்ற காப்புக் காட்டில் உரிமமின்றி மரம் வெட்டுவது 1984 தேசிய வனச் சட்டப்படி குற்றம்.

கடைசியாக, செயின் பிரேக்

பாரின் நுனி மேல்பகுதி மரத்தில் பட்டால் மிஷின் முகத்தை நோக்கி எகிறும். அந்த நொடியில் செயினை நிறுத்துவது பிரேக்தான். பழைய 070-களில் அது இல்லவே இல்லை. பழகாத கைக்கு அந்த மாடல் வேண்டாம். மற்ற மாடல்களில் பிரேக் பிடிக்காவிட்டால், அதைச் சரிசெய்யும் செலவையும் விலையில் சேர்த்துக்கொள்ளுங்க. ஹெல்மெட், கண்ணாடி, கால் பாதுகாப்பு உடை ஆகியவற்றின் செலவையும்தான். அப்படிக் கூட்டியும் கட்டுப்படியாகிற மிஷின்தான் உண்மையிலேயே மலிவு.