பந்தும் பட்டமும்



'டிராஃப்ட்' என்றால் எங்கள் காலத்தில் ஒன்றுதான். வேலைக்கு மனுப் போடும்போது பாங்க்கில் க்யூவில் நின்று எடுப்போமே, அந்த டிமாண்ட் டிராஃப்ட்! போன சந்திப்பில் ஒரு தம்பி கேட்டான்: "சார், அமெரிக்காவுல காலேஜ்ல ஆடுற பசங்களை டிராஃப்ட்ல எடுக்குறாங்களாமே, நம்ம காலேஜ்ல ஆடினா நம்மள யார் எடுப்பாங்க?" அன்று சிரித்து மழுப்பிவிட்டேன். பதிலை இப்போது எழுதுகிறேன்.

முதலில் அமெரிக்கக் கதை. அவர்கள் ஃபுட்பால் என்பது பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடும் ஆட்டம். அங்கே தொழில்முறை அணிகள் சிறுவர்களைத் தாமே வளர்ப்பதில்லை, கல்லூரிதான் பயிற்சிக்களம். பணக்கார அணிகளே நல்ல ஆட்டக்காரர்களை அள்ளிக்கொண்டு போனதால், போன வருஷம் கடைசியில் வந்த அணி முதலில் ஆளைத் தேர்ந்தெடுக்கட்டும் என்று ஓர் ஏற்பாடு செய்தார்கள். 1936-இல் நடந்த முதல் டிராஃப்டில் முதல் பெயர், சிகாகோ பல்கலைக்கழகத்தின் ஜே பெர்வாங்கர். வேடிக்கை என்னவென்றால், அவர் தொழில்முறையில் ஒரு மேட்ச் கூட ஆடவில்லை! சம்பளம் படியவில்லை. ரப்பர் கம்பெனி வேலைக்குப் போய்விட்டார்.

சின்னக் கல்லூரிக்காரர்களுக்கும் அதில் இடம் கிடைத்தது. மிசிசிப்பி வேலி ஸ்டேட் என்ற, அதிகம் பேர் கேள்விப்படாத கல்லூரியில் ஆடியவர் ஜெர்ரி ரைஸ். அப்பா கொத்தனார். அவருக்குக் கையாளாக நின்று, வீசும் செங்கல்லைப் பிடித்துப் பழகிய கை! 1985-இல் பதினாறாவது ஆளாக சான் பிரான்சிஸ்கோ அணி அவரை எடுத்தது. அந்த ஆட்டத்தின் மிகச் சிறந்த வீரர்களில் ஒருவராக இன்றும் அவரைச் சொல்கிறார்கள்.

நம் பக்கம் என்ன நிலைமை? 1982-இல் பாரதிதாசன் பல்கலைக்கழகம் வந்த பிறகு படித்தவர்கள் நாங்கள். காலேஜ் மேட்ச் முடிந்து, புழுதியோடு புத்தூர் நால்ரோட்டில் டீ குடிக்கும்போது எங்கள் கனவெல்லாம் ஒன்றுதான்: ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் ஒரு வேலை. ரயில்வே, பாங்க், போலீஸ், மின்வாரியம் என்று யார் கூப்பிட்டாலும் சரி. எங்கள் கோலி பி.ஏ. முடித்துப் பொன்மலையில் வேலைக்குச் சேர்ந்தான். அதைவிடப் பெரிய டிராஃப்ட் எங்களுக்குத் தெரியாது. பெர்வாங்கர் செய்ததைத்தான் அவனும் செய்தான்.

தொழில்முறை ஆட்டம் மெதுவாகத்தான் வந்தது. 1996 டிசம்பரில் தேசிய கால்பந்து லீக் தொடங்கியபோது சென்னையிலிருந்து போனது இந்தியன் பாங்க் அணி. ஆக, அங்கேயும் ஆட்டக்காரன் பாங்க் ஊழியன்தான்! அடுத்த சீசனில் எஃப்.சி. கொச்சின் கிளப்புக்காக அதிக கோல் அடித்தவர் நம் தமிழ்நாட்டு ராமன் விஜயன். 2007-இல் அது ஐ-லீக் ஆனது. 2014-இல் இந்தியன் சூப்பர் லீக் வந்தது. அந்த ஜூலையில் மும்பையில் நடந்ததுதான் அதன் முதல் உள்நாட்டு டிராஃப்ட். 84 இந்திய வீரர்கள் பட்டியலில் இருந்தார்கள். 2017-இல் இன்னொன்று நடந்தது. ஆட்டோ ஓட்டிப் பிழைத்த நாளும் உண்டு என்று சொல்லும் மலப்புறம் அனஸ் எடத்தொடிகாவை ஜாம்ஷெட்பூர் முதல் ஆளாக எடுத்தது. தொகை 1.10 கோடி ரூபாய்! அதோடு டிராஃப்ட் முடிந்தது. பிறகு கிளப்புகள் நேரடியாகவே ஒப்பந்தம் போடுகின்றன.

ஆனால் தம்பி, ஒன்றைக் கவனி. அந்த இரண்டு டிராஃப்டிலும் கல்லூரி மைதானத்திலிருந்து நேரே யாரையும் அள்ளவில்லை. ஏற்கெனவே கிளப்புகளில் ஆடிப் பெயர் எடுத்தவர்களுக்கே பெரும்பாலும் இடம். நம் நாட்டில் ஏணிப்படி வேறு. காலேஜ் டீம், பல்கலைக்கழக டீம், மாவட்ட லீக், சந்தோஷ் டிராபி மாநில அணி, அப்புறம்தான் கிளப். குமரி மாவட்டம் இரவிபுத்தன்துறை மீனவக் கிராமத்து மைக்கேல் சூசைராஜ் சென்னை சிட்டியில் ஆடி, 2018-இல் ஜாம்ஷெட்பூர் போய், அடுத்த வருஷம் கொல்கத்தாவின் ஏ.டி.கே. அணிக்குப் போனார். 2020 நவம்பரில் சீசனின் முதல் ஆட்டத்திலேயே காலில் அடி. அந்த சீசன் முழுக்க அவரால் ஆட முடியவில்லை.

கிளப்புக்கும் அதே கதிதான். 2018-19 ஐ-லீக் கோப்பையைக் கோவையில் தூக்கிய சென்னை சிட்டி, 2021-22 சீசனில் லீக்கிலேயே இல்லை. 2025-இல் வணிக ஒப்பந்தச் சிக்கலால் சூப்பர் லீக் சீசன் குறித்த காலத்தில் தொடங்கவில்லை. சில கிளப்புகள் சம்பளத்தையே நிறுத்தி வைத்தன.

இதைப் படிக்கும்போது எனக்கு எங்கள் லெஃப்ட் அவுட் ஞாபகம்தான் வரும். எங்களில் அவன்தான் உண்மையான ஆட்டக்காரன். மூன்றாம் வருஷம் பாதியில் ஒரு வெளியூர் அணி கூப்பிட்டது. "டிகிரியை அப்புறம் பாத்துக்கலாம்டா" என்று போனான். எட்டே மாதத்தில் முழங்கால் போச்சு. அணி மறந்துவிட்டது. அரியரை எழுத அவன் திரும்பி வரவேயில்லை. போகாதே என்று சொல்ல எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. கைதட்டித்தான் பஸ் ஏற்றி அனுப்பினோம். அது இன்றும் உறுத்துகிறது.

கடலூர் இந்துமதி கதிரேசனைப் பாருங்கள். இந்திய அணிக்கு ஆடியவர், தமிழ்நாடு போலீஸில் சப்-இன்ஸ்பெக்டராக வேலைக்குச் சேர்ந்தவர். ஆட்டமும் உண்டு, உத்தியோகமும் உண்டு.

ஆக, தம்பி கேட்ட கேள்விக்கு என் பதில்: உன்னை யாரும் வந்து எடுத்துக்கொண்டு போக மாட்டார்கள், நீயாகத்தான் ஏற வேண்டும். ஏறு, ஆனால் பட்டத்தை முடித்துவிட்டு ஏறு. ஒரு கால் போனாலும் நிற்க இன்னொரு கால் வேண்டாமா?

பழைய மாணவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஜெர்ஸி வாங்கிக் கொடுப்பதோடு நம் கடமை முடியவில்லை. மேட்சுக்குப் போய் வகுப்பைத் தவறவிடும் பிள்ளைகளுக்குத் தேர்வுக்கு முன் மாலை வகுப்பு நடத்த, உள்ளூரில் இருக்கும் நம்மில் பத்துப் பேர் முன்வந்தால் போதும். அடிபட்டவனுக்கு வைத்தியச் செலவுக்கு ஒரு சிறு நிதியும் வைக்கலாம். அடுத்த லெஃப்ட் அவுட்டை வெறும் கைதட்டலோடு பஸ் ஏற்ற வேண்டாம்.

மைதானத்தில் சந்திப்போம்!