தன்முகம் தீட்டும் கலை

தமிழகத்திலிருந்து பிழைப்பு நாடி வந்த நம்மில் பலர் இந்நகரில் முதன்முதல் காலடி வைத்த இடம் தம்பானூர். 1931ஆம் ஆண்டில் இங்கு இருப்புப்பாதை நிலையம் அமைந்தது. அதற்கு ஏறத்தாழ எழுபது ஆண்டுகளுக்கு முன்னர், 1862இல், கிளிமானூரிலிருந்து பதினான்கு வயதுச் சிறுவன் ஒருவன் ஓவியம் பயில இந்நகர்க்கு அழைத்து வரப்பட்டான். அவனே பின்னாளில் புகழ்பெற்ற இரவிவர்மா.

ஆயில்யம் திருநாள் மன்னரின் ஆதரவு அவனுக்குக் கிட்டியது. நீர்வண்ணமும் ஓரளவு கைவந்தது. ஆனால் தைல வண்ணமோ எட்டாக் கனியாகவே நின்றது. அதன் நுட்பம் அறிந்த அரசவை ஓவியர் இராமசாமி நாயுடு அதனைக் கற்பிக்க இசையவில்லை. அவரிடம் பயின்றுவந்த ஆறுமுகம் பிள்ளை என்பாரே இரவு வேளைகளில் மறைவாக வந்து, வண்ணம் குழைக்கும் முறையைச் சொல்லித் தந்தார் என்பது வரலாறு. 1868இல் இங்கு வந்த ஐரோப்பிய ஓவியர் தியோடர் ஜென்சனும் கற்பிக்க முன்வரவில்லை; தாம் தீட்டும்போது அருகிருந்து காண மட்டும் இசைந்தார். கண்டதைக் கையில் ஏற்றிக்கொண்ட இளைஞர், 1873இல் சென்னைக் கண்காட்சியில் ஆளுநரின் தங்கப் பதக்கம் பெற்றார்.

அவ்வளவு காத்துவைத்த மறைபொருள்தான் யாது? தைல வண்ணம் மெல்லவே உலரும். ஆதலின் நிழலையும் ஒளியையும் ஒன்றோடொன்று இழைத்து, தசையின் மென்மையைக் காட்ட இயலும். அடிப்பூச்சில் எண்ணெய் குறைவாகவும் மேற்பூச்சில் மிகுதியாகவும் இருத்தல் வேண்டும். மாறினால் நாளடைவில் ஓவியம் வெடிக்கும். சொல்லிவிட்டால் சில நிமிடச் செய்தி. சொல்லாவிட்டால் பல்லாண்டுத் தவம்.

கற்பிப்பாரும், எதிரே அமர்வாரும் இல்லாதவர்க்கும் ஒரு வழி உண்டு. அது தன்முகம். ஆலந்து நாட்டு வின்சென்ட் வான்கோ, 1886 முதல் 1888 வரை பாரிசில் வாழ்ந்தபோது, அமர்வோர்க்குக் கூலி கொடுக்க வகையின்றிக் கண்ணாடியைத் துணைகொண்டு தம் முகத்தையே மீண்டும் மீண்டும் தீட்டினார். நாமும் முயலலாம். ஒரு பக்கத்திலிருந்து விளக்கொளி விழுமாறு கண்ணாடிமுன் அமர்க. கண்களைச் சுருக்கி நோக்கின் சிறு நுணுக்கங்கள் மறைந்து, இருளும் ஒளியும் பெரும் பகுதிகளாகத் தெரியும். முதலில் அவற்றைத் தீட்டுக; விழியும் இதழும் பின்னர் வரட்டும். உள்ளத்து உணர்வு பெரும்பாலும் புருவத்திலும் இமையிலும் வாயோரத்திலுமே குடியிருக்கும். அழகுபடுத்தும் ஆசையை அடக்குவதே இதில் கடினம்.

அலுவலகங்களில் கோப்பின் நுணுக்கத்தைத் தமக்குள்ளேயே பூட்டி வைத்த மூத்தோரையும் நாம் கண்டதுண்டு. அருகழைத்துப் பொறுமையுடன் சொல்லித் தந்தோரையும் கண்டதுண்டு. அவர்களுள் யாரை நாம் இன்றும் நினைக்கிறோம்?

தம்பானூரிலிருந்து சற்றுத் தொலைவில், அருங்காட்சியக வளாகத்தில், 1935இல் தொடங்கிய சித்திரா கலைக்கூடம் உள்ளது. இரவிவர்மாவின் ஓவியங்களுக்கென 2023இல் தனிக்கூடமும் அங்கு எழுந்தது. விடுமுறை நாளில் நம் மக்களை அங்கு அழைத்துச் செல்வோம். ஓவியங்களைக் காட்டும்போது, வரலாற்று நூல்கள் ஓரிரு வரிகளில் கடந்து செல்லும் ஆறுமுகம் பிள்ளையின் பெயரையும் சொல்லி வைப்போம். தாம் அறிந்ததை ஒளிக்காது வழங்கியவர் அவர். நம் முகமும் அவ்வாறே இம்மண்ணில் பதிவதாகுக.